உங்கள் நட்சத்திரம் சித்திரையா? அதைப் பார்த்திருக்கிறீர்களா?



கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது உங்கள் அம்மா உங்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொல்வார். அசுவினி, ரோகிணி, திருவாதிரை, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை... உங்களில் பலருக்கும் உங்கள் நட்சத்திரம் மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். சரி, அந்த நட்சத்திரத்தை வானில் விரல் நீட்டிக் காட்ட முடியுமா?

இந்தக் கேள்வி என்னுடையது இல்லை. படிவம் இரண்டில் என்னிடம் படித்த ஒரு மாணவி கேட்டது. அன்று விண்மீன்கள் பாடம். வெண்பலகையில் வழக்கமான அட்டவணையைப் போட்டிருந்தேன். இடப்பக்கம் நிறங்கள்: நீலம், வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. வலப்பக்கம் வெப்பநிலைகள். மாணவர்கள் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த மாணவி கையை உயர்த்தினாள்.

"டீச்சர், என் நட்சத்திரம் சித்திரை. அது என்ன நிறம்?"

"நீலம். ரொம்பச் சூடான விண்மீன்" என்றேன். படித்திருந்ததால் சொல்ல முடிந்தது.

"எங்க இருக்கு டீச்சர்? இன்னிக்கு ராத்திரி பார்க்கலாமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பல ஆண்டுகளாக அந்த அட்டவணையை எழுதிப் போட்டவள் நான். அதில் உள்ள ஒரு விண்மீனைக்கூட வானில் தேடிப் பார்த்ததில்லை. "இணையத்தில் தேடிப் பாருங்கள்" என்று சமாளித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். வகுப்பு முடிந்தும் மனம் ஒப்பவில்லை. உப்பைக் கண்ணால் பார்க்காதவர் சமையல் சொல்லிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது எனக்கு.

அன்றிலிருந்து எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. விண்மீன் பாடத்தை நான்கு சுவருக்குள், பட்டப்பகலில் மட்டும் நடத்தி முடிப்பது தவறு. இதயத்தைப் படிக்கும்போது மாதிரி உருவைத் தொட்டுப் பார்க்கிறோம். அமிலத்தைப் படிக்கும்போது லிட்மஸ் தாளை நனைக்கிறோம். விண்மீனைப் படிக்கும்போது மட்டும் ஏன் ஒருமுறைகூட மேலே பார்ப்பதில்லை? சித்திரை என்ற ஒரே ஒரு விண்மீனைச் சாட்சியாக வைத்து இதை உங்களிடம் பேசுகிறேன்.

எங்கே தேடுவது?

சித்திரையை உலக வானியலாளர்கள் ஸ்பைக்கா என்று அழைக்கிறார்கள். லத்தீன் மொழியில் அதற்குத் தானியக் கதிர் என்று பொருள். கன்னி விண்மீன் குழுவில் இதுவே மிகப் பிரகாசமானது. முழு வானிலும் மிகப் பிரகாசமான இருபது விண்மீன்களுக்குள் இதுவும் ஒன்று. தொலைநோக்கி தேவையில்லை. கண் போதும்.

மே மாத நடுவில் இரவு 10 மணிக்கு வடக்கு நோக்கி நில்லுங்கள். ஏழு விண்மீன்கள் ஒரு கரண்டியைக் கவிழ்த்து வைத்தது போல் தெரியும். அதுதான் சப்தரிஷி மண்டலம். கரண்டியின் கைப்பிடி உங்கள் வலப்பக்கம் வளைந்திருக்கும். அந்த வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு விண்மீன் வரும். அது சுவாதி. வளைவை இன்னும் நீட்டினால், ஏறக்குறைய உங்கள் தலைக்கு மேலே, சற்றுத் தென்கிழக்கே, நீலம் கலந்த வெள்ளையாய் ஒன்று தனித்து நிற்கும். அதுதான் சித்திரை.

ஏப்ரல் நடுவில் அதே நேரத்தில் பார்த்தால், கிழக்கே அடிவானுக்கும் உச்சிக்கும் நடுவில் இருக்கும். ஜூன் நடுவில் இரவு 9 மணிக்கே உச்சிக்கு அருகில் வந்துவிடும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வாழ்வதால் கிடைத்த வசதி இது. லண்டனில் இருப்பவருக்குச் சித்திரை தெற்கு அடிவானிலிருந்து அதிகம் உயர்வதில்லை. நமக்கோ அது தலைக்கு மேல் வருகிறது.

சுவாதியையும் சித்திரையையும் மாறி மாறிப் பாருங்கள். ஒன்று ஆரஞ்சு, மற்றது நீலவெள்ளை. இந்த வேறுபாட்டை உங்கள் கண் கண்டுகொண்ட கணத்தில், நான் வெண்பலகையில் எழுதிய அட்டவணை உங்களுக்குச் சொந்தமாகிவிடுகிறது.

நீலம் குளிர்ச்சி இல்லை

வீட்டுக் குளியலறைக் குழாயில் சிவப்பு சுடுநீர், நீலம் குளிர்ந்த நீர். இந்தப் பழக்கத்தால்தான் தேர்வில் பலர் சிவப்பு விண்மீன்தான் அதிகச் சூடு என்று எழுதிவிடுகிறார்கள். வானில் கதை நேர்மாறு. சுவாதியின் மேற்பரப்பு ஏறத்தாழ 4,300 கெல்வின். சூரியன் ஏறத்தாழ 5,800 கெல்வின். சித்திரையோ ஏறத்தாழ 25,000 கெல்வின்.

இங்கே என் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். "கேஸ் அடுப்பின் நீலச் சுடரைப் பாருங்கள், நீலம்தான் சூடு" என்று நானே வகுப்பில் உதாரணம் சொல்லியிருக்கிறேன். அது பொருந்தாத உதாரணம். அடுப்புச் சுடரின் வெப்பநிலை ஏறத்தாழ 2,000 டிகிரி செல்சியஸ்தான். வெப்பத்தால் மட்டும் ஒளிரும் ஒரு பொருள் அந்த வெப்பநிலையில் ஆரஞ்சாகத்தான் ஒளிரும். அடுப்பில் தெரியும் நீலம், எரியும்போது உருவாகும் சில மூலக்கூறுகள் வெளியிடும் தனிப்பட்ட ஒளி. விண்மீனின் நீலம் வேறு காரணத்தால் வருவது.

சரியான உதாரணம் கொல்லன் பட்டறை. இரும்பைச் சூடாக்கினால் முதலில் மங்கிய சிவப்பு. பிறகு ஆரஞ்சு. இன்னும் சூடேறினால் மஞ்சள் கலந்த வெள்ளை. எந்தப் பொருளும் சூடாகச் சூடாக, அது அதிகமாக வெளியிடும் ஒளியின் அலைநீளம் குறைந்துகொண்டே போகும். நீலத்தை எட்டும் முன்பே இரும்பு உருகி ஆவியாகிவிடும். விண்மீன் முன்னமே வாயுதான். அதனால் அந்த வரிசையில் அது தொடர்ந்து மேலே போக முடிகிறது.

இதற்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. ஜெர்மானிய இயற்பியலாளர் வீன் கண்டது. 29 இலட்சத்தை கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால், ஒளி உச்சமாக வெளிப்படும் அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும். சூரியனுக்குப் போட்டுப் பாருங்கள்: 500 நானோமீட்டர். நம் கண் காணும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. சூரியனின் உச்சம் அதற்குள் வருகிறது.

சித்திரைக்குப் போடுங்கள். 29 இலட்சத்தை 25,000-ஆல் வகுத்தால் 116 நானோமீட்டர். இது புறஊதாக் கதிர். அதாவது சித்திரை தன் ஒளியின் பெரும்பகுதியை நாம் பார்க்கவே முடியாத வகையில் வீசிக்கொண்டிருக்கிறது. நாம் "நீலம்" என்று காண்பது அந்தப் பெரிய ஒளியின் ஓரம் மட்டுமே.

கால்குலேட்டரை எடுங்கள்

சித்திரை சூரியனைப் போல் ஏறத்தாழ ஏழரை மடங்கு அகலமானது. சூரியனைப் போல் ஏறத்தாழ பதினொரு மடங்கு நிறை கொண்டது. இந்த எண்களை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. இவற்றை வைத்து ஒரு கணக்குப் போடச் சொல்கிறேன்.

ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து வெளியேறும் ஆற்றல், வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. சித்திரையின் வெப்பநிலை சூரியனைப் போல் 4.31 மடங்கு. அதை நான்கு முறை பெருக்கினால் ஏறத்தாழ 345. அதாவது சூரியனின் ஒரு சதுர மீட்டர் தரும் ஆற்றலைப் போல் சித்திரையின் ஒரு சதுர மீட்டர் 345 மடங்கு தருகிறது. பரப்போ ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஏழரையின் வர்க்கம் 56. இரண்டையும் பெருக்குங்கள். 19,000-ஐத் தாண்டும். சுமார் 20,000 சூரியன்களின் ஆற்றல் என்று வானியலாளர்கள் சொல்வதை நீங்களே மேசையில் உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டீர்கள்.

இவ்வளவு வீரியமான விண்மீன் ஏன் வானில் ஒரு புள்ளியாகத் தெரிகிறது? தொலைவுதான் காரணம். சித்திரை ஏறத்தாழ 250 ஒளியாண்டு தூரத்தில் உள்ளது. இன்றிரவு உங்கள் கண்ணில் விழும் ஒளி அங்கிருந்து புறப்பட்டபோது பிரான்சிஸ் லைட் இன்னும் பினாங்கில் கால் வைக்கவில்லை. அவர் வந்தது 1786-இல். நம் சூரியனை அந்தத் தூரத்தில் கொண்டுபோய் வைத்தால் வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் கண் காணும் ஒளியை மட்டும் ஒப்பிட்டால் சித்திரை சூரியனைப் போல் ஏறத்தாழ 2,000 மடங்குதான். மொத்த ஆற்றலை ஒப்பிட்டால் 20,000 மடங்கு. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம், நம் கண்ணுக்குத் தப்பிய புறஊதாக் கதிரால் வந்தது. கண்ணை நம்பலாம். ஆனால் கண்ணோடு நின்றுவிடக் கூடாது.

250 ஒளியாண்டு என்று எப்படித் தெரிந்தது? கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவது போல் தோன்றும். பூமி சூரியனைச் சுற்றும்போது அருகிலுள்ள விண்மீன்களும் அப்படியே சற்று அசைவதாகத் தோன்றுகின்றன. அந்த அசைவிலிருந்து கிடைப்பதுதான் இடமாறு கோணம். சித்திரைக்கு அந்தக் கோணம் எவ்வளவு தெரியுமா? சிங்கப்பூரில் வைத்த ஒரு 20 சென் நாணயத்தைக் கோலாலம்பூரிலிருந்து பார்த்தால் எவ்வளவு அகலம் தெரியுமோ அவ்வளவு. 1989-இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஏவிய ஹிப்பார்க்கோஸ் செயற்கைக்கோள் அதை அளந்தது.

உண்மையில் அது இரண்டு

நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சித்திரை உண்மையில் இரட்டை விண்மீன். 1890-இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோகல் என்பவர் இதைக் கண்டறிந்தார். அவரும் இரண்டு புள்ளிகளைப் பார்க்கவில்லை. சித்திரையின் ஒளியைப் பிரித்து அதன் நிறமாலையைப் பார்த்தார். அதிலிருந்த கோடுகள் சில நாள்களில் நீலப் பக்கமும், சில நாள்களில் சிவப்புப் பக்கமும் நகர்ந்தன. ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது ஒலி கூர்மையாகவும், கடந்து போகும்போது தடித்தும் கேட்கிறதே, அதே டாப்ளர் விளைவு ஒளியிலும் உண்டு. அந்த விண்மீன் நம்மை நோக்கி வருவதும் விலகுவதுமாக இருக்கிறது என்றால், ஏதோ ஒன்றை அது சுற்றிக்கொண்டிருக்கிறது.

துணை விண்மீனும் நீல நிறம்தான். அதன் வெப்பநிலை ஏறத்தாழ 20,000 கெல்வின். நிறை ஏறத்தாழ ஏழு சூரியன்கள். இரண்டும் ஒன்றையொன்று நான்கே நாளில் சுற்றி வருகின்றன. இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 19 மில்லியன் கிலோமீட்டர். புதன் கோள் சூரியனிலிருந்து இருக்கும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு! இவ்வளவு நெருங்கிச் சுற்றுவதால் ஒன்றின் ஈர்ப்பு மற்றதை இழுக்கிறது. அதனால் இவை பந்து போல் இல்லாமல் முட்டை போல் நீண்டிருக்கின்றன. முட்டையின் அகன்ற பக்கம் நம்மை நோக்கித் திரும்பும்போது ஒளி சற்றே கூடும். குறுகிய பக்கம் திரும்பும்போது சற்றே குறையும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஏற்ற இறக்கத்தைக் கருவிகள் அளந்திருக்கின்றன.

ஒரு புள்ளி ஒளியிலிருந்து வெப்பநிலை, அளவு, நிறை, வடிவம், துணை இத்தனையையும் மனிதர்கள் கண்டறிந்துள்ளார்கள். யாரும் அங்கே போகவில்லை. போகவும் முடியாது. அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

அதிகம் செலவழிப்பவர் சீக்கிரம் போவார்

இப்போது வேறொரு கணக்கு. சூரியனிடம் 1 ரிங்கிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரையிடம் 11 ரிங்கிட். யார் பணக்காரர்? சித்திரைதான். ஆனால் சூரியன் செலவழிப்பதைப் போல் 20,000 மடங்கு வேகத்தில் சித்திரை செலவழிக்கிறது. யாருடைய பணம் முதலில் தீரும்?

சூரியனின் மொத்த ஆயுள் ஏறத்தாழ 10,000 மில்லியன் ஆண்டுகள். அதை 11-ஆல் பெருக்கி 20,000-ஆல் வகுத்தால் 5.5 மில்லியன் ஆண்டுகள் வரும். இது முரட்டுக் கணக்குதான். சித்திரை பிறந்தபோது இவ்வளவு பிரகாசமாக இருந்திருக்காது. செலவும் குறைவாக இருந்திருக்கும். விரிவாகக் கணக்கிட்டவர்கள் அதன் இன்றைய வயது 12 மில்லியன் ஆண்டுகளை ஒட்டியது என்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் சூரியனின் ஆயுளுக்கு முன்னால் அது ஒரு கண்சிமிட்டல்.

பறக்காத டைனோசர்கள் அழிந்தது 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன். ஆக, அவை அண்ணாந்து பார்த்த வானில் சித்திரை இல்லை! விண்மீன்கள் என்றென்றும் அப்படியே இருப்பவை என்று நினைக்கிறோம். சித்திரை, பூமியில் குரங்குகள் தோன்றிய பிறகு பிறந்த விண்மீன். எரிபொருள் தீர்ந்த பின் அது பெரும்பாலும் சூப்பர்நோவாவாக வெடிக்கும். அது நமக்கு ஆபத்து தரும் அளவு பக்கத்தில் இல்லை. கவலை வேண்டாம்.

பெயர் மட்டும் போதுமா?

உங்கள் நட்சத்திரம் சித்திரை என்றால் என்ன பொருள்? நிலா வானில் சுற்றி வரும் பாதையை நம் முன்னோர் 27 பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றும் 13 பாகைக்குச் சற்று மேல். நீங்கள் பிறந்த நேரத்தில் நிலா சித்திரைப் பகுதியில் இருந்தது என்பதே அதன் பொருள். அது வானத்தைப் பார்த்து எழுதிய ஒரு குறிப்பு. சித்திரை மாதத்துக்கும் அதே காரணத்தால்தான் அந்தப் பெயர் வந்தது. அந்த மாதத்து முழுநிலா சித்திரை விண்மீனை ஒட்டிய வானில் நிற்கும். தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமிக்குக் கூட்டம் கூடுகிறதே, அந்த இரவில் நிலாவுக்கு அக்கம்பக்கத்தில் சித்திரையைத் தேடலாம்.

சோதிடம் பேச நான் வரவில்லை. அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் வீட்டு விஷயம். நான் சொல்ல வருவது வேறு. இந்தப் பெயர்களை வைத்தவர்கள் இரவில் வெளியே நின்றவர்கள். அவர்கள் பார்த்தார்கள், குறித்தார்கள், மறு ஆண்டு சரிபார்த்தார்கள். நாம் அவர்களுடைய பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு, பார்க்கும் பழக்கத்தைத் தொலைத்துவிட்டோம்.

பார்த்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று சொல்கிறேன். ஏறத்தாழ 2,150 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டு ஹிப்பார்க்கஸ் சித்திரையின் இடத்தை அளந்தார். செப்டம்பர் மாதத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளில் சூரியன் நிற்கும் புள்ளிக்கு ஒரு பக்கம், 6 பாகை தூரத்தில் இருந்தது. அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் திமோக்காரிஸ் என்பவர் அளந்தபோது அது 8 பாகை. வேறொருவராக இருந்தால் "பழைய அளவு பிழை" என்று ஒதுக்கியிருப்பார். ஹிப்பார்க்கஸ் யோசித்தார். வானத்தின் ஆதாரப் புள்ளியே மெல்ல நகர்கிறது என்று கண்டார். பூமியின் அச்சு, சுழலும் பம்பரம் போல் மெதுவாகத் தலையாட்டுவதே அதன் காரணம் என்று பின்னால் தெரிந்தது. ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை. இன்று சித்திரை அந்தப் புள்ளியின் மறுபக்கம் 24 பாகையில் நிற்கிறது. ஆறும் இருபத்து நான்கும் முப்பது. முப்பதை 72-ஆல் பெருக்குங்கள். 2,160 ஆண்டுகள்! கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்.

இந்திய அறிஞர் மேக்நாத் சாகாவையும் இங்கே நினைக்க வேண்டும். நிறமாலைக் கோடுகளைக் கொண்டு விண்மீன்களின் வெப்பநிலையை அறிய வழி திறந்தது 1920-இல் அவர் தந்த சூத்திரம். சித்திரையின் நிறமாலையில் ஹீலியக் கோடுகள் தெரிவதும் அது மிகச் சூடான விண்மீன் என்பதற்குச் சாட்சி. அதே சாகா பின்னாளில் இந்திய அரசின் நாள்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1955-இல் அறிக்கை தந்த அந்தக் குழு, பஞ்சாங்கக் கணக்குக்கு அடையாளமாகக் கொண்டது எந்த விண்மீனை? சித்திரையைத்தான். மரபையும் இயற்பியலையும் ஒரே மனிதர் ஒரே விண்மீனில் சேர்த்துப் பார்த்தார். நம்மாலும் முடியும்.

"ஆனால் டீச்சர்..."

உங்கள் மறுப்புகள் எனக்குத் தெரியும். "பட்டணத்தில் விண்மீனே தெரியாது" என்பீர்கள். ஓரளவு உண்மை. 2016-இல் வெளியான உலக ஒளி மாசு ஆய்வில் சிங்கப்பூர் முதலிடத்தில் இருந்தது. கோலாலம்பூர் வானமும் இருட்டானது இல்லை. பால்வீதியை அங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் சித்திரையும் சுவாதியும் முதல்தரப் பிரகாசம் கொண்டவை. தெருவிளக்கு நேராகக் கண்ணில் படாத ஓர் இடத்தில் பத்து நிமிடம் நின்றால், அடுக்குமாடி வீட்டின் கார் நிறுத்துமிடத்திலிருந்தும் தெரியும்.

"மேகம், மழை" என்பீர்கள். ஆம், ஏப்ரல், மே மாத மாலைகளில் இடி மழை அதிகம். ஒரு நாள் தவறினால் இன்னொரு நாள் பாருங்கள். சித்திரை மூன்று மாதம் காத்திருக்கும்.

"கைப்பேசியில் செயலி இருக்கிறதே" என்பீர்கள். நல்லதுதான், நானும் பயன்படுத்துகிறேன். முதலில் கண்ணால் தேடுங்கள், பிறகு செயலியில் சரிபாருங்கள். விடைத்தாளைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுவது எந்தக் கணக்கு?

"தேர்வுக்கு வராதே" என்பதுதான் பெரிய மறுப்பு. இதை மாணவர்களைவிட ஆசிரியர்களும் பெற்றோரும் அதிகம் சொல்கிறார்கள். சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஆண்டுக்கு ஒரே ஓர் இரவு, அறிவியல் கழகத்தின் பெயரில், பள்ளித் திடலில் ஒரு மணி நேரம் போதும். கருவி வேண்டாம், செலவு வேண்டாம். விளக்குகளை அணைத்துவிட்டு மூன்று விண்மீன்களைக் காட்டுங்கள். நிறமும் வெப்பநிலையும் பற்றிய கேள்விக்கு அந்த மாணவர்கள் பிறகு தவறாக விடை எழுத மாட்டார்கள். கண்டது மறக்காது.

நான் அதைச் செய்து பார்த்தேன். அந்த மாணவி கேட்ட மூன்றாவது வாரம், அனுமதி வாங்கி, பள்ளித் திடலில் கூடினோம். பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் வந்தார்கள். துணைக்குச் சில பெற்றோர். ஒரு மாணவன் தன் பாட்டியை அழைத்து வந்திருந்தான். முதலில் மேகம். பிறகு விலகியது. வளைவைக் காட்டினேன். சுவாதி, அப்புறம் சித்திரை. கேள்வி கேட்ட மாணவி ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டிதான் பேசினார். "எங்க வீட்டுக்காரர் சித்திரை நட்சத்திரம்மா. அம்பது வருஷமா அர்ச்சனைக்குச் சொல்லிருக்கேன். இதுதானா அது?"

இதுதான் அது என்றேன். என் குரல் சற்றுத் தடுமாறியது.

மாணவர்களே, இந்த வாரத்துக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வெளியே வாருங்கள். சுவாதியையும் சித்திரையையும் கண்டுபிடியுங்கள். இரவு பிந்திக் கிழக்கே கேட்டை எழும். அதன் சிவப்பையும் பாருங்கள். மூன்றின் நிறத்தையும், பார்த்த நேரத்தையும், திசையையும் ஒரு தாளில் எழுதுங்கள். எது அதிகச் சூடு, எது குறைவு என்று வரிசைப்படுத்துங்கள். பிறகு பாடநூலைத் திறந்து சரிபாருங்கள்.

அடுத்த முறை அர்ச்சனைச் சீட்டில் "சித்திரை" என்று யாராவது எழுதினால், அவரை வெளியே அழைத்து வந்து விரல் நீட்டிக் காட்டுங்கள். அந்த விரல் உங்களுடையதாக இருக்கட்டும்.